காணாமல் போன குழந்தைகளும் விவாகரத்து ஆணையும்: ஒரு சஸ்பென்ஸ் நாவலுக்கான சில யோசனைகள்

விவாகரத்தான ஒருவரிடம் வார இறுதியைக் கழிக்க வந்திருந்த இரண்டு குழந்தைகளும் திடீரென்று காணாமல் போகிறார்கள். அவர் தேடிப் புறப்படுகிறார். கடைசி அத்தியாயத்தில், குழந்தைகளைக் கொண்டுபோனவர் அவருடைய முன்னாள் மனைவிதான் என்பது தெரிய வருகிறது. இந்தக் கருவை வைத்து நாவல் எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, முடிவை வாசகர் முன்கூட்டியே ஊகித்துவிடுவாரா, முந்நூறு பக்கங்களுக்குப் பதற்றத்தைக் குறையாமல் கொண்டுசெல்வது எப்படி, சட்டமும் காவல்துறை நடைமுறையும் எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை அந்தத் தம்பதியின் விவாகரத்து ஆணையில் இருக்கிறது என்பது என் கருத்து. குழந்தைகள் யாரிடம் வளர வேண்டும், மற்றவர் எந்தெந்த நாள்களில் பார்க்கலாம், பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்திட வேண்டும், ஊரையோ நாட்டையோ விட்டு அழைத்துச் செல்ல யாருடைய சம்மதம் தேவை என்பதையெல்லாம் வரையறுக்கும் அந்த ஆணையை, முதல் அத்தியாயத்துக்கு முன்பாகவே உங்களுக்காக நீங்கள் எழுதி முடித்துவிட வேண்டும். கதையில் யார் என்ன செய்தால் அது குற்றம், யார் சொன்னால் காவல்துறை அசையும், யாருடைய கண்ணீருக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையெல்லாம் அந்தச் சில பக்கங்களே தீர்மானிக்கின்றன.

முதலில் ஊகத்தைப் பற்றிப் பேசலாம். வாசகர் ஊகித்துவிடுவார், அதில் ஐயமே வேண்டாம். விவாகரத்து என்ற சொல்லும் காணாமல் போன குழந்தை என்ற சொல்லும் ஒரே பக்கத்தில் வந்தால் முதல் சந்தேகம் மற்ற பெற்றோரின் மீதுதான் விழும். வாசகரின் சந்தேகம் இங்கே நடைமுறைக்கு ஒத்ததும்கூட. அமெரிக்க நீதித்துறைக்காக நடத்தப்பட்டு 2002-இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, 1990-களின் இறுதியில் ஓராண்டில் குடும்பத்தினரால் கடத்தப்பட்ட அல்லது ஆணையை மீறித் தடுத்துவைக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 203,900 பேர். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே, எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாத நிலையில் இருந்தவர்கள். நாம் திரையில் பார்த்துப் பழகிய வகைக் கடத்தல், அதாவது அந்நியர் ஒருவர் தூக்கிக்கொண்டுபோய்ப் பணம் கேட்பது, தொலைதூரம் கொண்டுசெல்வது, கொல்வது போன்றவை, அதே ஆய்வின்படி ஓராண்டில் சுமார் 115 மட்டுமே. இந்த விகிதத்தை நன்கு அறிந்த காவல் அதிகாரி ஒருவர் உங்கள் கதையில் இருப்பார். அவர் முதல் மணி நேரத்திலேயே முன்னாள் மனைவியின் தொலைபேசி எண்ணைக் கேட்காவிட்டால், அவர் முட்டாள் என்றோ நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்றோ வாசகர் முடிவு செய்வார்.

ஆகவே, கொண்டுபோனவர் யார் என்ற உண்மையைக் கடைசி அத்தியாயத்துக்காகப் பதுக்கிவைக்காதீர்கள். நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் அதை வெளிப்படுத்திவிடுங்கள். அதன்பின் எழும் கேள்விகள்தாம் கனமானவை: அவள் கடத்தினாளா, தப்பித்தாளா? அவள் செய்தது குற்றமா, ஆணை தந்த உரிமையா? தந்தை நமக்குச் சொல்லாமல் விட்டது எது? இந்தக் கேள்விகளை முந்நூறு பக்கங்களுக்கு நீட்ட முடியும். ‘யார்’ என்ற ஒற்றைக் கேள்வியை அவ்வளவு தூரம் இழுக்க முடியாது.

அடுத்து, கதை நடக்கும் நாட்டை இப்போதே தேர்ந்தெடுங்கள். ஒரே செயல் ஒரு நாட்டில் சிறைத் தண்டனைக்குரியது, மற்றொரு நாட்டில் காவல் நிலையத்தில் புகாராகக்கூட ஏற்கப்படாத குடும்பத் தகராறு. பிரான்சில், குழந்தையைப் பெறும் உரிமையுள்ளவரிடம் அதை ஒப்படைக்க மறுப்பதே ஓராண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டின் குழந்தைக் கடத்தல் சட்டம் பெற்றோருக்கும் பொருந்தும். ஆனால் குழந்தை தம்மோடு வாழ வேண்டும் என்ற நீதிமன்ற ஆணையைப் பெற்றவர், மற்றவரின் சம்மதமின்றியே ஒரு மாதத்துக்குக் குறைவான காலம் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லலாம். இந்த ஒரு விதிவிலக்கிலிருந்தே ஒரு முழு அத்தியாயத்தை உருவாக்கலாம்: விடுமுறை என்று சொல்லிச் சட்டப்படியே புறப்பட்ட ஒரு தாய், அந்தக் காலக்கெடு முடியும் நாளில்தான் சட்டத்தை மீறியவளாகிறாள், அந்த நாள் வரும்வரை, தந்தை எவ்வளவு கத்தினாலும் அதிகாரிகள் கையை விரிப்பார்கள்.

எல்லை தாண்டும் கதை என்றால் 1980 அக்டோபர் 25-இல் உருவாகி 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, பன்னாட்டுக் குழந்தைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையை நீங்கள் படித்தே ஆக வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்திருக்கின்றன; ஜப்பான் 2014-இல்தான் இணைந்தது; இந்தியா இணையவில்லை. குழந்தை வழக்கமாக வாழ்ந்த நாட்டிலிருந்து, மற்றவரின் கஸ்டடி உரிமையை, அதாவது குழந்தையைப் பராமரித்து அதன் வாழிடத்தை முடிவுசெய்யும் உரிமையை, மீறிக் கொண்டுபோகப்பட்டிருந்தால், அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அதன் மையம். தாய் நல்லவளா, தந்தை நல்லவரா, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த வழக்கு முடிவு செய்வதில்லை. அதை எந்த நாட்டின் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே சறுக்கி, வெளிநாட்டு நீதிபதி ஒருவர் உருக்கமான வாதங்களைக் கேட்டுவிட்டுக் குழந்தைகளைத் தந்தையிடம் ஒப்படைப்பதாக எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் நாயகருக்கு வார இறுதியில் பார்க்கும் உரிமை மட்டுமே இருக்கிறது என்கிறீர்கள். அந்த உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு ஹேக் உடன்படிக்கையின்கீழ்க் குழந்தையைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால், அவருடைய சம்மதமின்றிக் குழந்தையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஆணையிலோ அந்நாட்டுச் சட்டத்திலோ ஒரு வரி இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. அத்தகைய மறுப்புரிமையும் கஸ்டடி உரிமையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. விவாகரத்து நாளில் சோர்வோடும் கோபத்தோடும் படிக்காமலே கையெழுத்திட்ட ஓர் ஆவணத்தில் அந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் நாயகர் பிற்பாடு ஒரு வழக்கறிஞரின் மேசையில் அறிந்துகொள்ளும் காட்சி, எந்தத் துப்பாக்கிக் காட்சியையும்விடப் பதற்றம் தரக்கூடியது.

பதற்றத்துக்குக் காலக்கெடு வேண்டும் என்பது இவ்வகைக் கதைகளின் பழைய விதி. வில்லன் விதிக்கும் செயற்கையான நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு உங்களுக்குத் தேவையில்லை. சட்டமே போதுமான கெடுக்களை வைத்திருக்கிறது. ஹேக் வழக்கில் ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கப்படாவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். குழந்தை கொண்டுபோகப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால், குழந்தை புதிய சூழலில் வேரூன்றிவிட்டது என்ற வாதத்துக்கு இடம் பிறக்கிறது. தாய் குழந்தைகளை ஒளித்துவைத்திருந்ததால் எங்கே வழக்குத் தொடுப்பது என்றே தந்தைக்குத் தெரியவில்லை என்றால், அந்த ஒளிந்திருந்த காலத்தைக் கழித்துவிடலாமா? கழிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. அதாவது, எவ்வளவு திறமையாக ஒளித்துவைக்கிறாரோ அவ்வளவுக்கு ஒளித்துவைத்தவரின் கை ஓங்குகிறது. பதினோராவது மாதத்தில் முகவரி கிடைக்கும் ஒரு தந்தையை நினைத்துப் பாருங்கள். தேடலின் ஒவ்வொரு தவறான திருப்பமும், ஏமாற்றமாக மட்டும் முடியாமல், அவருடைய உரிமையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருக்கும். சிறிய கெடுக்களும் உண்டு. குழந்தை உடனடியாகக் கடத்தப்படும் அபாயம் இருந்தால் பிரிட்டனின் விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் விடுக்கப்படும் எச்சரிக்கை 28 நாள்களே நீடிக்கும். சிசிடிவிப் பதிவுகள் பெரும்பாலான இடங்களில் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே அழிந்து, அவற்றின்மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

காவல்துறை நடைமுறையில் ஒரு பொய்யை முதலிலேயே களைந்துவிடுங்கள். ‘24 மணி நேரம் கழித்து வாருங்கள்’ என்று அதிகாரி சொல்லும் காட்சி, குழந்தைகளைப் பொறுத்தவரை இன்று பல நாடுகளில் நடைமுறைக்குப் பொருந்தாதது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் சட்டமே, காணாமல் போன குழந்தை குறித்த புகாரை ஏற்கக் காத்திருப்புக் காலம் வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. உண்மையில் நடப்பது இதைவிடக் கொடுமையானது: புகார் உடனே ஏற்கப்படும், ஏற்றவுடன் புகார் கொடுத்தவரே விசாரிக்கப்படுவார். குழந்தைகள் கடைசியாக அவரிடம்தான் இருந்தார்கள். அவருடைய வீட்டின் அலமாரிகள், கட்டிலின் அடிப்பகுதி, மேற்கூரை, காரின் பின்பகுதி அனைத்தும் சோதனையிடப்படும். சிறு குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து உறங்கிவிடுவது உண்டு என்பதும் அதற்கு ஒரு காரணம். தாயிடமும் தந்தையிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்குவார்கள். குழந்தைகளின் அறையை யாரும் தொடக் கூடாது, படுக்கை விரிப்பையும் சீப்பையும் பல்துலக்கியையும் அப்படியே விடுங்கள் என்பார்கள். தெருவுக்கு ஓட வேண்டும் என்று துடிக்கும் மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைகள் என்ன நிறத்தில் உடை அணிந்திருந்தார்கள் என்று சொல்லத் தெரியாமல் திணறுவதை எழுதுங்கள். வார இறுதித் தந்தையாக அவர் தம் குழந்தைகளை எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறார் என்பது அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடும்; மருந்து ஒவ்வாமை, நெருங்கிய நண்பர்களின் பெயர்கள், காலணி அளவு என்று அந்தப் படிவம் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் விடை தெரிந்தவள் அவருடைய முன்னாள் மனைவி மட்டுமே என்றால், அவள் குற்றவாளியாகத் தெரிவதற்கு முன்பே அவளுடைய இல்லாமை பக்கமெங்கும் பரவிவிடும்.

1996-இல் டெக்சாசில் நடந்த ஒரு சிறுமியின் கடத்தலையும் கொலையையும் தொடர்ந்து உருவான ஆம்பர் அலர்ட் முறையை, அதாவது கடத்தப்பட்ட குழந்தையைப் பற்றி ஊடகங்களிலும் பொதுமக்களின் தொலைபேசிகளிலும் அவசர அறிவிப்பு வெளியிடும் முறையை, பயன்படுத்த நினைத்தால் கவனம் தேவை. கடத்தல்தான் என்று காவல்துறை நம்ப வேண்டும், கடுமையான காயமோ உயிரிழப்போ நேரும் அபாயம் இருக்க வேண்டும், தேடுவதற்குப் போதுமான அடையாளங்கள் கிடைத்திருக்க வேண்டும் என்பவை அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட நிபந்தனைகள். பெற்றோரே கொண்டுபோயிருந்தால் இரண்டாவது நிபந்தனையில் பல வழக்குகள் தடுக்கி விழுகின்றன. எனவே, அறிவிப்பு வெளியாக வேண்டும் என்பதற்காக, முன்னாள் மனைவி குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக்கூடியவள் என்று தந்தை அதிகாரியிடம் சொல்ல நேரிடுகிறது. அது பொய்யா, மிகையா, உண்மையா? அவர் சொன்னது அந்தப் பகுதி முழுவதும் தொலைபேசிகளில் ஒலித்த பிறகு திரும்பப் பெற முடியாது. நீதிமன்றத்திலும் அது அவருக்கு எதிராக வந்து நிற்கும். உங்கள் நாவலின் நடுப்பகுதி தொய்வடைவதாக எழுதியிருந்தீர்கள். இந்தச் சிறிய பொய்யை அங்கே வையுங்கள். கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முதல் மூன்று மணி நேரத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்ற வாஷிங்டன் மாநில ஆய்வின் முடிவையும் ஏதாவது ஒரு பாத்திரம் உங்கள் கதையில் எடுத்துச் சொல்லக்கூடும். அது கொலையில் முடிந்த வழக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டது. காணாமல் போகும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் பொருத்துவது தவறு. அந்தத் தவற்றைப் பாத்திரம் செய்யலாம், ஆசிரியர் செய்யக் கூடாது.

தொழில்நுட்பத்தில் அதிகம் தங்க வேண்டாம். அழைப்பை மூன்று நிமிடம் நீட்டித்தால்தான் இடம் தெரியும் என்பது பழைய தொலைபேசி இணைப்பகங்களின் காலத்துக் கதை. செல்போன் டவர் காட்டுவது ஒரு வட்டாரத்தைத்தான், ஒரு கதவு எண்ணை அன்று. நகரத்தில் அது சில நூறு மீட்டர், கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர். தாய் தன் தொலைபேசியைத் தூக்கியெறிந்திருப்பாள். ஆனால் இளைய குழந்தையின் விளையாட்டுச் செயலி இன்னும் தந்தையின் கணக்கிலேயே திறந்திருக்கலாம், அதன் புள்ளிப் பட்டியலில் நேற்றிரவு புதிய எண் ஒன்று ஏறியிருக்கலாம். அது போதும்.

இந்த வகைக் கதைகளில் எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறையை இங்கே சொல்லிவிடுகிறேன். தேடுபவர் தந்தையாக இருந்தால் முன்னாள் மனைவி பொய்க்காரியாகவும் மனநிலை பிறழ்ந்தவளாகவும் வருவாள். தேடுபவள் தாயாக இருந்தால் முன்னாள் கணவன் முரடனாக வருவான். இரண்டுமே சோம்பல். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் குடும்பத்தினரால் கொண்டுபோகப்பட்ட குழந்தைகளில் சுமார் 53 விழுக்காட்டினரைக் கொண்டுபோனவர் பெற்ற தந்தை. ஹேக் உடன்படிக்கையின்கீழ் வரும் எல்லை தாண்டிய வழக்குகளிலோ, அண்மைய உலகளாவிய புள்ளிவிவரங்களின்படி, கொண்டுபோனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தாய்மார். அவர்களில் பெரும்பாலோர் குழந்தையை அன்றாடம் வளர்த்துவந்தவர்கள், பலர் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பியவர்கள். உடன்படிக்கையை எழுதியவர்கள், வார இறுதிச் சந்திப்பு முடிந்தும் குழந்தையைத் திருப்பித் தராத தந்தையைத்தான் பெரிதும் மனத்தில் வைத்திருந்தார்கள் என்று சட்ட அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இன்று அந்தச் சட்டத்தின் முன் வந்து நிற்பவர்களில், வன்முறையிலிருந்து தப்பியோடியதாகச் சொல்லும் பெண்கள் பலர். குழந்தையைத் திருப்பி அனுப்பினால் கடுமையான உடல், மனத் தீங்கு நேரும் அபாயம் உண்டு என்று நிறுவினால் நீதிமன்றம் மறுக்கலாம் என்பது உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு. அமெரிக்காவில் பெற்றோரே செய்யும் பன்னாட்டுக் கடத்தலைக் குற்றமாக்கிய 1993-ஆம் ஆண்டின் சட்டமும், குடும்ப வன்முறையிலிருந்து தப்பியோடியதை எதிர்வாதமாக ஏற்கிறது.

அப்படியானால் உங்கள் நாயகரின் வாயிலிருந்து நாம் கேட்கும் கதை முழுவதும் உண்மையா என்பதே நாவலின் மிக ஆழமான சஸ்பென்ஸ். அவர் வன்முறையாளராக இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திருப்பமும் இப்போது பழகிப்போய்விட்டது. ஓர் இரவு கதவை உதைத்ததை அவர் மறந்திருக்கலாம், அவளோ அந்த இரவைச் சுற்றியே தன் வாழ்க்கையை மாற்றி அமைத்திருக்கலாம். தன்மைக் கூற்றில் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். அந்த இரவைப் பற்றிய ஒரு வரி ஐம்பதாவது பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும், அதுவும் வாசகர் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் வகையில், கதவின் தாழ்ப்பாளை மாற்ற ஆள் வந்ததைப் போன்ற ஒரு சாதாரணக் குறிப்பாக. பிற்பாடு தாயின் வாக்குமூலத்தில் அதே தாழ்ப்பாள் வரும்போது, ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று வாசகர் குறைசொல்ல முடியாது. மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

குழந்தைகள் இருவர் என்று வைத்திருப்பது நல்ல முடிவு. ஆனால் இருவரையும் ஒரே மூட்டையாக எழுதியிருக்கிறீர்கள். உடன்படிக்கை 16 வயது நிறைந்தவுடன் பொருந்தாமல் போகும். மூத்த மகளுக்குப் பதினைந்தேகால், இளைய மகனுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடலும் வழக்கும் முடிவதற்குள் மகள் 16-ஐக் கடந்துவிட்டால், திருப்பி அனுப்பும் ஆணை தம்பிக்கு மட்டுமே பொருந்தும். போதிய முதிர்ச்சியுள்ள குழந்தை திரும்பிச் செல்ல மறுத்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. அப்படியென்றால் மகள் கடத்தப்பட்டவள்தானா, தாயோடு சேர்ந்து திட்டமிட்டவளா என்ற கேள்வி எழுகிறது. அந்த வயதில் ஒரு பெண் தன் பாஸ்போர்ட்டைத் தானே எடுத்துப் பையில் வைத்திருக்க முடியும், தந்தையிடம் இயல்பாகச் சிரித்துப் பேசிக்கொண்டே தம்பியின் கையைப் பிடித்து வாசலைக் கடந்திருக்கவும் முடியும். தம்பியின் நிலை வேறு. ஐந்து வயதில் கொண்டுபோகப்பட்ட குழந்தை ஓராண்டில் மொழியை மாற்றிக்கொள்ளும், புதிய பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகும், அப்பாவுக்கு நம்மைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லப்பட்டால் நம்பும். இப்படிக் கொண்டுபோகப்பட்டு மீட்கப்பட்ட குழந்தைகள், தேடி வந்த பெற்றோரைக் கண்டு அஞ்சி ஒளிவதும் கோபம் கொள்வதும் அரிதல்ல. தம்மைக் கைவிட்டவர் என்றே அவர்களிடம் அவர் அறிமுகப்படுத்தப்பட்டிருப்பார்.

கண்டுபிடிக்கும் காட்சியோடு நாவலை முடிக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அதற்குப் பின் இன்னும் அறுபது பக்கங்களாவது எழுதுங்கள் என்பேன். தந்தை வழக்கில் வெல்லட்டும், மகனைத் திருப்பி அனுப்ப ஆணை வரட்டும், ஆணைக்குக் கட்டுப்பட்டுத் தாயும் அதே விமானத்தில் திரும்பி வரட்டும், மகள் தன் விருப்பப்படி அந்த நாட்டிலேயே தங்கிவிடட்டும். திரும்பிய பிறகு கஸ்டடி வழக்கு முதலிலிருந்து தொடங்கும். அங்கே தாழ்ப்பாள் பற்றிய கேள்வியை முதன்முறையாக ஒரு நீதிபதி அவரிடமே நேரடியாகக் கேட்பார். அவர் சொல்லும் பதிலை எழுதிவிட்டுத் தீர்ப்பை எழுதாமல் நிறுத்தலாம். தீர்ப்பையும் எழுதியே தீருவேன் என்றால், அதுவரை வந்த சான்றுகளை மட்டும் வைத்து எழுதுங்கள், கடைசி நேரத்தில் புதிய சாட்சி எவரையும் கூண்டில் ஏற்றாதீர்கள்.